எந்த மாடிங்க?

ஜூலை 9

வக்கீலம்மாவுக்கு,

உன் போனுக்கு அடிச்சு அடிச்சு என் விரல் தேஞ்சதுதான் மிச்சம். அதான் பள்ளிக்கூட ஆபீஸ் முகவரிக்கு எழுதுறேன். உன் வகுப்பு டீச்சர் எப்படியும் உன் கையில சேர்த்துடுவாங்க.

உடம்பு கிடம்பு சரியில்லையா? போன சனிக்கிழமையும் வரலை, அதுக்கு முந்தின சனிக்கிழமையும் வரலை. நூலகத்துல அந்தக் குட்டி நாற்காலியில முட்டி ரெண்டும் நெஞ்சுல இடிக்க நான் மட்டும் உட்கார்ந்திருக்கேன். ஒரு வாண்டு வந்து "ஆன்ட்டி, இது பாப்பாங்க உட்கார்ற இடம்"னு துரத்தாத குறை. நீ இருந்திருந்தா அவன்கிட்ட சட்டம் பேசியிருப்ப.

ஒளி விலகல் பாடத்துல நீ தப்புப் பண்ணின கணக்கையெல்லாம் மறுபடி போட்டு வெச்சிருக்கேன். எக்ஸ்ரே ரூம்ல கூட்டம் இல்லாத நேரத்துல உட்கார்ந்து போட்டது. எலும்பைப் பார்த்துப் பார்த்துப் பழகினவ நான், லென்ஸ் படம் வரையறதுக்குள்ள நாக்குத் தள்ளிடுச்சு.

ஆமா, அறக்கட்டளை ஆண்டு விழாவுல நீ எங்கே போய்த் தொலைஞ்ச? பேசி முடிச்சு இறங்கினதும் உன்னையும் உங்க அம்மா அப்பாவையும் தேடினேன், சேர்ந்து ஒரு போட்டோ எடுக்கலாம்னு. நாற்காலி மூணும் காலி. பஸ்சுக்கு நேரமாயிடுச்சா? என் பேச்சைப் பத்தி நீ ஒரு வார்த்தை சொல்லலையே! கூட்டமே எழுந்து நின்னு தட்டுச்சுடி. தலைவரோட மனைவி என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. உன் பெயரைச் சொல்லலை, கவனிச்சியா? அதுல நான் கெட்டி.

இந்த சனிக்கிழமை கட்டாயம் வந்துடு.

அக்கா


ஜூலை 14

மதிப்பிற்குரிய வழிகாட்டி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உடல்நலம் நன்றாக உள்ளது. இனி சனிக்கிழமைகளில் நூலகத்திற்கு வர இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். கணக்குகளை எனக்காகப் போட்டு வைத்ததற்கு நன்றி.

பெயரைச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். "என்னிடம் படிக்கும் மாணவி" என்றீர்கள். தங்களிடம் படிப்பது நான் ஒருத்திதான். உதவித்தொகைக்கான நேர்காணல் எந்தக் கட்டடத்தில் நடந்தது என்று அந்த அரங்கில் இருந்த எல்லா மாணவருக்கும் தெரியும். அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு லிஃப்ட்தான் இருக்கிறது என்பதும், அதை இயக்குபவர் ஒருவர்தான் என்பதும் தெரியும்.

லிஃப்ட் கதவு திறந்தது, உள்ளே சீருடையில் நின்றது அவளுடைய அப்பா, மகளைத் தெரியாதவர்போல "எந்த மாடிங்க?" என்று அவர் கேட்டார், "ஏழு" என்று அவள் சொன்னாள், இரண்டு பேரும் வீட்டில் இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை என்று சொன்னீர்கள். கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, "அந்தப் பெண் அன்று இரவு முழுவதும் அழுதாள்" என்றீர்கள். நான் அழவில்லை. அதை மட்டும் நீங்களே சேர்த்துக்கொண்டீர்கள்.

என் அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் வேலை என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது என்பதையும் நான் தங்களிடம் சொல்லியிருந்தேன். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டியபோது எழாமல் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். மேடையிலிருந்து அது தெரிந்திருக்காது.

இப்படிக்கு,
மாணவி


ஜூலை 18

கண்ணு,

மதிப்பிற்குரிய, தெரிவித்துக்கொள்கிறேன், இதெல்லாம் என்ன? உனக்குக் கோபம்னா "போடி"ன்னு எழுதியிருக்கலாம். நான் தாங்கிக்குவேன்.

உங்க அப்பா அம்மா மனசு கஷ்டப்பட்டிருந்தா அதுக்கு நான் வருத்தப்படுறேன். ஆனா ஒண்ணு கேட்கிறேன், கோபப்படாம யோசி. நான் அவரைக் குறைச்சா பேசினேன்? தூக்கி வெச்சுத்தானே பேசினேன்? மகளுக்குத் தலைகுனிவு வந்துடக் கூடாதுன்னு தன்னையே மறைச்சுக்கிட்ட மனுஷன்னு சொன்னேன். கேட்டுட்டு எத்தனை பேர் கண்ணைத் துடைச்சாங்க! லிஃப்ட் ஓட்டுறது என்ன திருட்டா? உழைச்சுச் சாப்பிடுறதுல என்ன வெட்கம்? வெட்கப்பட வேண்டியது நீயும் இல்லை, அவரும் இல்லைன்னுதான் நான் சொல்ல வந்தேன். உனக்கு வயசு பதினாறு. இப்ப இது பெருசாத் தெரியும். நாளைக்கு நீயே ஒரு மேடையில நின்னு "எங்கப்பா லிஃப்ட் ஓட்டினார்"னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லத்தான் போற.

அம்மாவுக்குத் தெரியாதுன்னு நீ சொன்னது அந்த நேரத்துல எனக்கு ஞாபகம் வரலை. அது என் தப்புதான். அவங்ககிட்ட நான் பேசட்டுமா? வீட்டுக்கு வரட்டுமா?

படிப்பை மட்டும் விட்டுடாதே. என்மேல இருக்கிற கோபத்தைப் புத்தகத்துமேல காட்டாதே.

அக்கா


ஜூலை 23

அக்கா,

லிஃப்ட் ஓட்டுறது திருட்டான்னு கேட்டீங்க. இல்லைதான். நீங்க பண்ணினதுதான் திருட்டு. எங்க வீட்டுப் பொருளை எடுத்துட்டுப் போய் மேடையில வெச்சு, ஊருக்கே காட்டி, நீங்க கைதட்டல் வாங்கிட்டீங்க. இப்ப "உன் பொருள் நல்ல பொருள்தானே"ன்னு என்கிட்டயே சொல்றீங்க.

வீட்டுக்கு வரவே வராதீங்க.

எங்க தெருவுல அப்பாவுக்குப் பேர் மேனேஜர். குடி வந்த புதுசுல யாரோ என்ன வேலைன்னு கேட்டதுக்கு "ஒரு பெரிய கட்டடத்துல நிர்வாகம்"னு சொல்லியிருக்கார். அதுலேர்ந்து சின்னப் பசங்கள்லேர்ந்து வீட்டுக்காரர் வரைக்கும் மேனேஜர் சார்தான். வாடகைக்கு விடுறப்போ தகராறுன்னா மேனேஜரைக் கூப்பிடு, கல்யாணப் பத்திரிகையில எழுத்துப் பிழை பார்க்கணுமா மேனேஜரைக் கூப்பிடு. அவரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டுப் போவார். யாரையும் ஏமாத்திச் சம்பாதிக்கலை. ஒரு பேரை வெச்சிருந்தார், அவ்வளவுதான்.

அறக்கட்டளைக்காரங்க உங்க பேச்சை வீடியோவா போட்டிருக்காங்க, தெரியுமா? பக்கத்து வீட்டு அத்தை போன்ல பார்த்துட்டு அம்மாகிட்ட வந்து, "இது உங்க பொண்ணு படிக்கிற இடம்தானே? யார் அந்தப் பாவப்பட்ட பொண்ணு?"ன்னு கேட்டாங்க. கேட்கும்போதே அவங்களுக்குப் புரிஞ்சுடுச்சு. அந்த முகத்தை அம்மா இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறாங்க. நேத்து அப்பா வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பையன் பின்னாடியிலேர்ந்து, "சார், ஏழாவது மாடி!"ன்னு கத்தினான். அப்பா திரும்பலை. நடையும் மாறலை. ஆனா அவர் கழுத்து சிவந்து போச்சு. நான் ஜன்னல்ல நின்னு பார்த்தேன்.

அம்மாவுக்குத் தெரியாதுன்னு நான் சொன்னேன் இல்லையா? தெரியுமாம். அன்னைக்கு விழாவுலேர்ந்து வந்ததும் பாத்திரம் கழுவிக்கிட்டே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாங்க: "மேனேஜருக்கு எதுக்குடி தினமும் கால் வீங்குது? கட்டிக்கிட்டு வந்த ரெண்டாவது மாசமே எனக்குத் தெரியும். அவரா சொல்லட்டும்னு இருந்தேன். அவர் சொல்லலை. நானும் கேட்கலை. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு." அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஒரே தட்டைத் தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க.

நீங்க உடைச்சது பொய்யை இல்லை, அக்கா. எல்லாருமாச் சேர்ந்து அவருக்காகத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்த ஒண்ணை.

அப்பா என்கிட்டயும் ஒரு கேள்வி கேட்டார். அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

போன் அவர்கிட்டதான் இருக்கு. அடுத்த வருஷத்து உதவித்தொகைக்கு அவர் கையெழுத்துப் போடணும். "அந்த உதவி நமக்கு வேண்டாம். உன்னை நான் படிக்க வைக்கிறேன்"ங்கிறார். எப்படின்னு நான் கேட்கலை. கேட்டா அதுவும் ஒரு அவமானம்.

நான்


ஆகஸ்ட் 1

கண்ணு,

உன் கடிதத்தை வேலை செய்யற இடத்துல வெச்சுப் படிச்சேன். அப்புறம் ஒரு வயசானவருக்கு வலது கைக்குப் பதிலா இடது கையைப் படம் எடுத்துட்டேன். அவர் பாவம், "எதுவா இருந்தா என்னம்மா"ன்னார்.

போன தடவை நான் எழுதினதை நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. உனக்கு வயசு பதினாறுன்னு வேற எழுதியிருந்தேன். உண்மையைச் சொல்றேன். எனக்கு முன்னாடி ஒரு பேங்க் அதிகாரி பேசினார். அவர்கிட்ட படிக்கிற பையன் தெருவிளக்குல படிச்ச கதை. கூட்டம் அசந்து போச்சு. என் கையில இருந்த தாள்ல உன் மார்க்கு, நூலகம், குட்டி நாற்காலி, அவ்வளவுதான் இருந்துச்சு. அது வெளுத்துப் போன மாதிரி தெரிஞ்சுது. மேடை ஏறும்போதுதான் லிஃப்ட் ஞாபகம் வந்துச்சு. வந்துச்சுன்னு சொல்றதுகூட பொய். தேடி எடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாதுங்கிறதும் ஞாபகம் இருந்துச்சு. அவங்க மூணாவது வரிசையில இருக்கிறதும் தெரிஞ்சுது. பேச ஆரம்பிச்சதும் அரங்கம் அமைதியாச்சு பாரு, அந்த அமைதியை விட மனசு வரலை. தண்ணி குடிக்க நிறுத்தினேன்னு எழுதினியே, எனக்குத் தாகம் இல்லை.

வீடியோவை எடுக்கச் சொல்லி அறக்கட்டளை கோஆர்டினேட்டருக்கு போன் பண்ணினேன். "மேடம், இந்த வருஷம் இதைவிட நல்ல பேச்சு இல்லை. பார்த்துட்டு எத்தனை பேர் உதவ முன்வந்திருக்காங்க தெரியுமா"ங்கிறார். நேர்ல போய்க் கேட்கப் போறேன்.

அதுக்கு முன்னாடி உங்க அப்பாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கணும்னு தோணிச்சு. வீட்டுக்கு வராதேன்னுட்ட. அதனால நேத்து அந்தக் கட்டடத்துக்குப் போனேன். வேலை ஆரம்பிக்கிற நேரம், லிஃப்ட் முன்னாடி வரிசை. கதவு திறந்ததும் அவர் என்னைப் பார்த்தார். தெரிஞ்சுக்கிட்டார். நான் உள்ளே போய் மூலையில நின்னேன். எல்லார்கிட்டயும் கேட்ட மாதிரியே என்கிட்டயும், "எந்த மாடிங்க?"ன்னார். எல்லாரும் இறங்கட்டும்னு மேலேயும் கீழேயுமா அவரோடயே போயிட்டிருந்தேன். ஆள் குறையவே இல்லை. கடைசியில தாங்காம, "சார், நான்தான் அன்னைக்கு மேடையில பேசினது. உங்க பொண்ணு விஷயமா மன்னிப்புக் கேட்க வந்தேன்"னு சொல்லிட்டேன். அழுகை வேற வந்துடுச்சு. கூட நின்னவங்க திரும்பிப் பார்த்தாங்க. அவர் தரைத்தளத்துப் பட்டனை அமுக்கினார். அப்புறம், "தரைத்தளம் வந்துடுச்சும்மா, பார்த்து இறங்குங்க"ன்னார்.

கோபமா ஒண்ணும் பேசலை. அதனால மனசு கொஞ்சம் லேசாச்சு.

அக்கா


ஆகஸ்ட் 6

யாருக்கு லேசாச்சு?

அங்கே ஏன் போனீங்க? யார் உங்களைப் போகச் சொன்னது? வீட்டுக்கு வராதீங்கன்னா வேலை செய்யற இடத்துக்குப் போங்கன்னு அர்த்தமா?

அந்த லிஃப்ட்ல வந்தவங்கள்ல பாதிப் பேர் அவருக்குத் தினமும் வணக்கம் சொல்றவங்க. இப்ப அவங்களுக்கும் கதை தெரிஞ்சாச்சு. ஒருத்தர், "என்னப்பா, உன்னால பொம்பளைங்க எல்லாம் லிஃப்ட்ல நின்னு அழறாங்களாமே"ன்னு சிரிச்சாராம். இன்னொரு அம்மா பெரிய மனசு பண்ணி, "உங்களை நினைச்சுப் பெருமையா இருக்கு"ன்னாங்களாம். அதுதான் அவரால தாங்க முடியலைன்னு அம்மா சொன்னாங்க.

அவரே போய்க் கேட்டு வேலையை மாத்திக்கிட்டார். இப்ப தரைக்கு அடியில, தண்ணி மோட்டார் ரூம்ல. அங்கே யாரும் வர மாட்டாங்க. ஜன்னல் கிடையாது. வீட்டுக்கு வந்தா எண்ணெய் வாசனை. இஸ்திரிச் சட்டை போடுறதை நிறுத்திட்டார். போட்டு என்ன ஆகப்போகுதுன்னு.

எங்களுக்கு இனிமே எந்த நல்லதும் பண்ணாதீங்க, அக்கா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்.


ஆகஸ்ட் 12

கண்ணு,

எழுதாதேன்னு நீ சொல்லலை. அதனால இதை மட்டும் எழுதிடுறேன். பதில் போடணும்னு இல்லை.

அறக்கட்டளைக் குழு கூடினப்போ நானே போய் நின்னேன். மாணவி நம்பிச் சொன்னதை அவ சம்மதம் இல்லாம பேசினேன், அதுல இல்லாததையும் சேர்த்தேன்னு சொன்னேன். வழிகாட்டியா சேரும்போது எங்களுக்குச் சொல்லிக் குடுத்த முதல் விதியே அதுதான். தலைவரோட மனைவியும் இருந்தாங்க. அன்னைக்குக் கையை விடாதவங்க, இன்னைக்கு என் முகத்தைப் பார்க்கலை. நியாயம்தான். வீடியோவை எடுத்துட்டாங்க. ஆண்டு மலர்ல போடுறதா இருந்த பேச்சையும் நிறுத்திட்டாங்க. என்னையும் எடுத்துட்டாங்க. உனக்கு அந்த பேங்க் அதிகாரியைப் போடப் போறாங்களாம். அவருக்கு இயற்பியல் என்னைவிட நல்லா வரும்.

உங்க அப்பா ஏற்கனவே வந்து ஒரு புகார் குடுத்துட்டுப் போயிருக்கார். நான் ஒரு நாள் அவரோட லிஃப்ட்ல வந்தேன், உங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டு நானே கதை கட்டிட்டேன், நீ என்கிட்ட எதுவுமே சொன்னதில்லைன்னு. கோஆர்டினேட்டர், "நீங்க சொல்றதும் அவர் சொல்றதும் ஒத்து வரலையே மேடம்"னார். அவர் சொல்றதையே வெச்சுக்குங்கன்னுட்டேன்.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதினா நான் ஏதோ தியாகம் பண்ணின மாதிரி ஆயிடும். எழுதாட்டி நாளைக்கு அவங்க உன்னைக் கேட்கும்போது நீ முழிக்கக் கூடாதே. அவ்வளவுதான் காரணம். வேற ஒண்ணும் இல்லை.

உங்க அப்பா மோட்டார் ரூமுக்குப் போனது என்னால. அதை மாத்த எனக்கு வழி தெரியலை. வழி தேடி அங்கே போய் நிக்கவும் மாட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 17

அக்கா,

உங்க கடிதத்தைப் படிச்சேன்.

அப்பா என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார்னு எழுதினேனே. விழாவுலேர்ந்து வந்த அன்னைக்கு, சட்டையைக்கூடக் கழட்டாம நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு, "நீ சொன்னியா?"ன்னார். நான், "இல்லை"ன்னேன். "அவங்க ஒரு நாள் உங்க லிஃப்ட்ல வந்திருப்பாங்கப்பா. அன்னைக்கு நாமளும் இருந்திருப்போம். அவங்களா கதை கட்டிட்டாங்க"ன்னு மளமளன்னு சொல்லிட்டேன். எங்கேர்ந்து வந்துச்சோ அந்தப் பொய். உங்களைத் திருடின்னு எழுதும்போதே எனக்கு இது தெரியும். தெரிஞ்சுதான் அவ்வளவு காட்டமா எழுதினேன்.

அவர் என்னை நம்பினார்னுதான் இவ்வளவு நாள் நினைச்சேன். இப்ப யோசிச்சா, லிஃப்ட்ல ஏறுற ஒவ்வொரு முகமும் அவருக்கு ஞாபகம் இருக்கும். அன்னைக்கு நீங்க அதுல இல்லைன்னு அவருக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சே போய் உங்கமேல புகார் குடுத்திருக்கார். என் பொய்யை உண்மையாக்கிறதுக்காக. எனக்காக அந்த ஆபீஸ்ல நின்னு அவர் பொய் சொல்லியிருக்கார்.

இன்னொண்ணும் இருக்கு. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்ககிட்டகூட மாத்தித்தான் சொன்னேன்.

நேர்காணலுக்கு அந்த இடத்தைக் கண்டுபிடிச்சு உள்ளே போனப்போ லிஃப்ட் முன்னாடி என்னோட ரெண்டு பேர் நின்னாங்க. ஒரு பொண்ணு, பக்கத்துல அவங்க அம்மா, நல்ல சென்ட் வாசனை. ஒரு பையன், பெரியவங்க போடுற மாதிரி கோட்டு. அந்தப் பொண்ணு என்கிட்ட, "உங்கப்பா என்ன பண்றாங்க?"ன்னு கேட்டா. "மேனேஜர்"னு சொன்னேன், அதுவரைக்கும் நானும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன். அப்பதான் கதவு திறந்துச்சு.

அப்பா சாம்பல் கலர் சீருடையில, தொப்பியோட நின்னுக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே மலர்ந்துச்சு, அக்கா. பயமே இல்லை. மாட்டிக்கிட்டோம்ங்கிற எண்ணமே இல்லை. வீட்டுல கூப்பிடுற செல்லப் பேரைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் குனிஞ்சு பைக்குள்ள எதையோ தேடுற மாதிரி தேட ஆரம்பிச்சேன். நிமிர்ந்தப்போ அந்த முகம் இல்லை. வேற ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தார். முதல்ல அந்தப் பொண்ணைக் கேட்டார், அப்புறம் பையனை. கடைசியாதான் என்னை, "எந்த மாடிங்க?"ன்னார்.

தெரியாத மாதிரி நடிச்சது அவர் இல்லை. நான்தான். அவர் எனக்கு ஒத்து ஊதினார்.

ஏழாவது மாடியில இறங்கும்போது, "நன்றி"ன்னு வேற சொன்னேன். யாரோ ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி. லிஃப்ட் ஓட்டுறவங்களுக்கு நன்றி சொல்ற நல்ல பொண்ணு மாதிரி.

உங்ககிட்ட அவர்தான் முதல்ல நடிச்சார்னு மாத்திச் சொன்னேன். நீங்க அதை மேடையில சொன்னீங்க. அதை அவர் மூணாவது வரிசையில உட்கார்ந்து கேட்டார். அந்த லிஃப்ட்ல என்ன நடந்துச்சுன்னு அந்த அரங்கத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். அதுல ஒருத்தர் அவர். பேசாம இருந்தார்.

எனக்கு உங்கமேல கோபம் இருக்கு. அது போகலை. ஆனா அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்க இடம் தீர்ந்து போச்சு.

நான் என்ன பண்றது?


ஆகஸ்ட் 22

கண்ணு,

என்ன பண்றதுன்னு என்னைக் கேட்டிருக்க. எனக்குத் தெரியலை. மழுப்பலை, நிஜமாவே தெரியலை. ஒரு மாசத்துக்கு முன்னாடின்னா நாலு பக்கத்துக்கு அறிவுரை எழுதியிருப்பேன். இப்ப பேனாவை எடுத்தா நான் லிஃப்ட்ல நின்னு அழுததுதான் கண்ணுக்கு முன்னாடி வருது.

நீ எழுதினதை ஒரு தடவைதான் படிச்சேன். படிச்சு முடிச்சதும் முதல்ல மனசுல என்ன ஓடுச்சு தெரியுமா? "அடடா, இதுதான் உண்மையான கதை, இதை அன்னைக்கு..."ன்னு. ஒரு நொடிதான். ஆனா ஓடுச்சு. அப்படியே கூனிக் குறுகிப் போயிட்டேன். இத்தனைக்கு அப்புறமும் எனக்குள்ள அது உட்கார்ந்திருக்கு. உன்கிட்ட மறைக்க விரும்பலை. என்னை நம்பி எதையாவது சொல்றதுக்கு முன்னாடி நீ அதைத் தெரிஞ்சுக்கணும்.

கடிதத்தைக் கிழிச்சுட்டேன். எங்க வீட்டுக்காரர், "யாரு எழுதினது?"ன்னு கேட்டார். "என்கிட்ட படிச்ச பொண்ணு"ன்னேன். "என்னவாம்?" "ஒண்ணுமில்லை"ன்னேன். வழக்கமா எல்லாத்தையும் ஒப்பிக்கிறவளாச்சே, இவளுக்கு என்ன ஆச்சுங்கிற மாதிரி பார்த்தார்.

உனக்குக் காலாண்டுப் பரீட்சை நெருங்குது. புது சார்கிட்ட கேட்கக் கூச்சப்படாதே. அவர் நல்லவர்னு சொல்றாங்க.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

அப்பாகிட்ட சொல்லிட்டேன்.

வீட்டுல வெச்சுச் சொல்ல வரலை. ரெண்டு தடவை பக்கத்துல போய் நின்னுட்டு, "சார்ஜர் எங்கே?"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன். என் போனே அவர்கிட்ட இருக்கு, எனக்கு எதுக்கு சார்ஜர்? அம்மாவுக்குப் புரிஞ்சுடுச்சு போல. முந்தாநாள் பள்ளிக்கூடம் லீவு. "அவர் சாப்பாட்டை விட்டுட்டுப் போயிட்டார், கொண்டு போய்க் குடுத்துட்டு வா"ன்னாங்க. விட்டுட்டுப் போகலை, அம்மாதான் எடுத்து ஒளிச்சு வெச்சிருக்காங்க.

வாசல்ல செக்யூரிட்டி, "யாரைப் பார்க்கணும்?"னார். "மோட்டார் ரூம்ல இருக்கிறவரை"ன்னேன். "நீ யாரு?"ன்னார். "எங்கப்பா அவரு"ன்னேன். சொல்லும்போது குரல் கம்மிடுச்சு. தெளிவா நிமிர்ந்து நின்னு சொன்னேன்னு எழுத ஆசையாத்தான் இருக்கு. அப்படி நடக்கலை. பக்கத்துல யாராவது நிக்கிறாங்களான்னு பார்த்துட்டுத்தான் சொன்னேன்.

படி இறங்கி உள்ளே போனா காது அடைச்சுப் போகுது. அவ்வளவு சத்தம். அப்பா குனிஞ்சு எதையோ முடுக்கிக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "அம்மாவுக்கு என்ன?"ன்னு வாயசைச்சார். சாப்பாட்டைத் தூக்கிக் காட்டினேன். ஒரு ஸ்டூலைத் துணியால துடைச்சுட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காராம நின்னுக்கிட்டே, "அன்னைக்கு லிஃப்ட்ல நான்தான் முதல்ல குனிஞ்சேன்"னேன். அவருக்குக் கேட்கலை. கையைக் காதுகிட்ட வெச்சு, "என்ன?"ன்னார். மறுபடி சொன்னேன். கேட்கலை. மூணாவது தடவை கத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு. கத்தும்போது அழுகை வரலை, அக்கா. சத்தம் போட்டு அதைச் சொல்றது எவ்வளவு அசிங்கமா இருந்துச்சு தெரியுமா? "நான்தான் அக்காகிட்ட சொன்னேன். நான்தான் உங்ககிட்ட பொய் சொன்னேன்"னு எல்லாத்தையும் கத்தினேன்.

அப்பா போய் மோட்டாரை நிறுத்திட்டார்.

"கொஞ்ச நேரம் தண்ணி வராட்டி மேல இருக்கிற ஆபீசர் யாரும் செத்துட மாட்டாங்க"ன்னார். எதிர்ல ஒரு பெயின்ட் டப்பாவைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் பேசினார். எனக்கு நினைவு தெரிஞ்சு அவர் அவ்வளவு பேசினதில்லை. நடுவுல நானும் பேசினேன். ஒரு இடத்துல அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார், ஒரு இடத்துல நான்.

மேலேர்ந்து யாரோ இன்டர்காம்ல கூப்பிட்டுத் தண்ணி என்னாச்சுன்னு சத்தம் போட்டாங்க. "பார்த்துக்கிட்டிருக்கேன் சார்"னு சொல்லிட்டு வெச்சார். எழுந்தவர் என்கிட்ட, "அந்த அம்மாவுக்கு இன்னும் கடிதம் எழுதுறியா?"ன்னார். ஆமான்னேன். "இதையும் எழுதுவியா?"

அவர் கோபமா கேட்கலை. தடுக்கவும் இல்லை. தெரிஞ்சுக்கணும்னு கேட்டார். அதுக்குத் தகுந்த மாதிரி தயாரா இருந்துக்கலாம்னு நினைச்சிருப்பார் போல. அந்தக் கேள்வியைக் கேட்கிற நிலைமையில அவரை வெச்சது நீங்க மட்டும் இல்லை.

"எழுத மாட்டேம்ப்பா"ன்னேன்.

உதவித்தொகைத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார். புது சார்கிட்ட இந்த வாரத்துலேர்ந்து போறேன். அப்பா இன்னும் மோட்டார் ரூம்லதான். லிஃப்ட்டுக்குத் திரும்பப் போறதா இல்லையான்னு அவர்தான் முடிவு பண்ணணும். உங்களை மன்னிச்சாரான்னு நான் கேட்கலை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கலை.

நேத்து உட்கார்ந்து அவர் பேசினதை உங்களுக்கு எழுதினேன். மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டும் எழுதினேன். நல்லாவே வந்திருந்துச்சு. அவர் சொன்ன ஒரு வார்த்தையைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி வெச்சா இன்னும் நல்லா இருக்குமேன்னு தோணிச்சு. தள்ளி வெச்சுப் பார்த்தேன். அப்பதான் எனக்கு உங்க ஞாபகம் வந்துச்சு, அந்தத் தண்ணி டம்ளரோட. உங்கமேல இருந்த கோபத்துல பாதி அந்த நிமிஷம் எங்கே போச்சுன்னு தெரியலை.

அதையும் கிழிச்சுட்டேன்.

அதனால இந்தக் கடிதத்துல அது இல்லை, அக்கா. இனி எழுதுற எதுலயும் இருக்காது. அப்பா என்கிட்ட பேசினார்ங்கிறது மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சா போதும்.